மாவடு கலர் நெயில் பாலிஷ்

நெயில் பாலிஷுக்கெல்லாம் ஒரு பதிவான்னு முணுமுணுக்காதீங்க. மெட்ரோவுல தொலைச்ச குடைக்கே ஒரு பதிவு போட்ட கை இது. இன்னிக்கு அந்தக் கையோட நகத்தைப் பத்தி.

2024 செப்டம்பர் கடைசி. டெல்லியில மழை மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பியாச்சு. ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழட்டறேன், ப்ளஸ் ஒன் படிக்கற பொண்ணு ஒரு குட்டி பாட்டிலைக் கையில திணிச்சா. சரோஜினி நகர் மார்க்கெட்ல வாங்கினாளாம்.

"அம்மா, இது ஆட்டத்துக்கு!"

"ஆட்டமா? யாரு ஆடறது? நவராத்திரி தாண்டியாவா?"

தலையில அடிச்சுக்கிட்டா. ஆட்டம்னா இலையுதிர் காலமாம். இந்த சீசனுக்கு உலகம் பூரா ஆலிவ் பச்சைதானாம். துருப்பிடிச்ச ஆரஞ்சு, காப்பிக்கொட்டை பிரவுன், ஆலிவ் பச்சை, இந்த மூணைத் தவிர வேற எதையும் நகத்துல வெக்கிறது அநாகரிகமாம். "நீ எப்பப் பாத்தாலும் வெக்கிற அந்த வெளிறிப்போன பிங்க் இருக்கே, அது நகம் வெக்காத மாதிரியே இருக்கும்மா"ன்னு போனஸா ஒரு குத்து.

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தேன். பச்சைன்னு சொல்ல முடியாது, பழுப்புன்னும் சொல்ல முடியாது. மஞ்சளோட கொஞ்சம் கறுப்பைக் கலந்தா வர்ற கலர். (நம்பலைன்னா பசங்களோட வாட்டர் கலர் டப்பாவை எடுத்துக் கலக்கிப் பாருங்க, பச்சையே சேர்க்காம ஆலிவ் பச்சை வரும்.) ரங்கமணி எட்டிப் பாத்துட்டு, "ராணுவ லாரிக்கு டச்சப் பண்ணப் போறியா?"ன்னு கேட்டார். அவர் நக்கலுக்குச் சொன்னாலும் தப்பில்லை. நம்ம ராணுவத்துல இந்தக் கலருக்கு 'ஓஜி'ன்னே பேரு. கீழ் வீட்டு ரிட்டயர்டு சுபேதார் மறுநாள் லிஃப்டுல என் கையைப் பாத்துட்டு "ஃபௌஜி ரங்!"னு விறைப்பா நின்னு சந்தோஷப்பட்டார்.

ஆனா சரியான பேரைச் சொன்னது அம்மாதான்.

அம்மா அப்போ இங்கேதான் இருந்தாங்க. வலது கண்ணுல புரை, ஆபரேஷன் பண்ணணும். லால்குடியிலேருந்து வரும்போது வழக்கம் போல ஒரு பாட்டில் மாவடு. மாசியில போட்டது, புரட்டாசி வரைக்கும் உப்புத் தண்ணியில ஊறி அடியில நாலஞ்சு கிடந்துச்சு. அம்மா என் நகத்தைக் கண்ணுக்குக் கிட்டக்க வெச்சுப் பாத்தாங்க, ஜன்னல் பக்கம் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம், "ஏண்டி, இது மாவடு கலர்டி"ன்னாங்க.

அவ்வளவுதான். எங்க வீட்டுல ஆலிவுங்கற வார்த்தைக்கு அன்னியோட முற்றுப்புள்ளி. ஆலிவ் காயை நம்மில் எத்தனை பேர் மரத்துல பாத்திருக்கோம்? பீட்ஸா மேல வளையம் வளையமா வர்றதைப் பாத்ததோட சரி. மாவடு அப்படியா?

பொண்ணு சயின்ஸ் க்ரூப் ஆச்சே, சும்மா இருப்பாளா? பச்சை மாங்காய் ஊற ஊற ஏன் இந்தக் கலருக்கு மாறுதுன்னு பாட்டிக்கு க்ளாஸ் எடுத்தா. பச்சையத்துக்கு நடுவுல ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கும். புளிப்பு பட்டதும் அது கழண்டுக்கும். அது போனதும் பளிச்னு இருந்த பச்சை மங்கி, பழுப்புப் பச்சையாகிடும். அம்மா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "உப்பு சரியா இருந்தா எந்தக் கலரா இருந்தா என்ன?"ன்னு முடிச்சாங்க.

நிற்க. டெல்லியில இலையுதிர் காலம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா?

நாம பள்ளிக்கூடத்துல படிச்ச ஆறு பருவத்துல இலையுதிர் காலமே கிடையாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசி கார்த்திகை கூதிர். அது நம்ம ஊருல அடைமழை, இலை உதிர்றதுக்கு எங்கே நேரம்? இங்கே வடக்கே அந்தச் சமயத்துக்குப் பேரு சரத் ருது. அதுல வர்றதாலதான் சாரதா நவராத்திரி. ஆனா டெல்லி வேப்பமரமும் அரசமரமும் அக்டோபர்ல இலையைக் கொட்டாது. அதெல்லாம் பிப்ரவரி, மார்ச்லதான். குளிர் விட்டு வெயில் ஏறும்போது ரோடு பூரா சருகு. இலை உதிர்றது வசந்தத்துல. என்ன ஊரோ போங்க!

அக்டோபருக்கு இங்கே அடையாளம் வாசனைதான். ராத்திரி ஏழு எட்டு மணிக்கு மேல தெருவுல நடந்தா ஏழிலைப்பாலை பூத்து மூச்சு முட்டற மாதிரி ஒரு வாசனை வரும். சில பேருக்குத் தலைவலியே வந்துடும். விடிகாலையில பவழமல்லி தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். மலை மந்திருக்குக் காலையில போகும்போது அம்மா ரெண்டு கைநிறைய அதைப் பொறுக்கிக்குவாங்க, சாமிக்கு. ஒண்ணு கூட தலைக்குப் போகாது. அதை நான் கவனிக்கலைன்னு இல்லை. பழகிப்போச்சு.

சரி, வெக்கிற விதத்தை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் கேப்பீங்க. அடர்பச்சையை வெறும் நகத்துல நேரா வெக்காதீங்க. எடுக்கும்போது நகம் மஞ்சளா கறைபடிஞ்சு, ஏதோ காமாலை வந்த மாதிரி இருக்கும். முதல்ல நிறமில்லாத பேஸ் கோட் ஒண்ணு. அதுக்கு முன்னாடி ரிமூவரைப் பஞ்சுல தொட்டு நகத்தைத் துடைச்சிடுங்க. சமைச்ச கையில எண்ணெய்ப் பசை இருந்தா ரெண்டே நாள்ல உரியும். பாட்டிலைக் குலுக்கினா காத்துக் குமிழ் வரும், அதனால ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு உருட்டுங்க. நடுவுல ஒரு இழுப்பு, பக்கத்துக்கு ஒண்ணு, மொத்தம் மூணே இழுப்பு. மெல்லிசா ரெண்டு தடவை. முதல் தடவை திட்டுத் திட்டா கேவலமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. கடைசியில மேல் கோட், நக நுனியையும் சேர்த்து மூடணும். தொட்டா ஒட்டலைங்கறதுக்காகக் காஞ்சுடுச்சுன்னு நினைச்சுப் போர்வையை மடிக்கப் போனா, போர்வையோட நெசவு அப்படியே நகத்துல பதிஞ்சிடும். முழுசா இறுக பல மணி நேரம் ஆகும். நம்ம நிறத்துக்கு மஞ்சள் தூக்கலான ஆலிவ்தான் எடுப்பு. சாம்பல் தூக்கலா இருந்தா கை வறண்ட மாதிரி தெரியும். இதெல்லாம் என் கையில நானே சோதிச்சுக் கெட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

அம்மா இதுக்கு இன்னமும் க்யூட்டெக்ஸ்னுதான் சொல்வாங்க. நம்மளோட அம்மாக்கள் எல்லாருக்கும் அப்படித்தானே? அது ஒரு அமெரிக்கக் கம்பெனியோட பேரு. 1911-ல நக ஓரத்துத் தோலை மெத்துன்னு ஆக்கி எடுக்கற ஒரு திரவத்துக்கு வெச்ச பேரு. நகப்பூச்சு அதுக்கப்புறம் வந்தது. அது எப்படியோ கடல் தாண்டி லால்குடி வரைக்கும் வந்து பொதுப்பேராவே நின்னுடுச்சு. நகம் மூடற மாதிரி கெட்டியான கலருக்கு ரெவ்லான் கம்பெனி 1932-ல ஆரம்பிச்சு வெச்சதாச் சொல்வாங்க. அதுலேருந்து சிவப்பும் ரோஸும்தான் ராஜ்ஜியம். பச்சை, காக்கியெல்லாம் பெரிய இடத்து விரலுக்கு ஏறினது ரொம்பப் பின்னாடி. 2010-ல ஷனேல் கம்பெனி மூணு காக்கி நிறத்தைக் கொண்டு வந்தப்போ, பச்சைக் காக்கியும் அதுல ஒண்ணு. சரோஜினி நகர் தள்ளுவண்டிக்கு அது வந்து சேர இத்தனை வருஷம்.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்க லால்குடி வீட்டுக் கொல்லையில ஒரு மருதாணிச் செடி. ஆடி மாசம் அம்மா மருதாணி வெச்சுக்காம இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லை. இலையைப் பறிச்சு, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வெச்சு, அம்மியில வழவழன்னு அரைச்சு, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி. உள்ளங்கையில ஒரு வட்டம், சுத்தி புள்ளி. இந்த வடக்கத்தி கோன் டிசைன் எல்லாம் அம்மாவுக்குப் பிடிக்காது. "கையா, கல்யாணப் பத்திரிகையா?"ம்பாங்க. வருஷத்துல அந்த ஒரு ராத்திரி மட்டும் அப்பா தோசை சுடுவார். அம்மா ரெண்டு கையையும் விரிச்சு வெச்சுக்கிட்டு அடுப்படி வாசப்படியில உக்காந்து "தீயைக் குறைங்க, தீயைக் குறைங்க"ன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. தோசை எப்படியும் தீயும்.

2019 ஆடிப்பெருக்குக்கும் வெச்சுக்கிட்டாங்க. அதே மாசக் கடைசியில அப்பா போயிட்டார். தூக்கத்துலயே.

அடுத்த பத்து நாள் என்னென்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். பூவை எடுத்தாங்க, பொட்டை எடுத்தாங்க, வளையலை எடுத்தாங்க. மருதாணியை எடுக்க முடியலை. அது நகத்தோட புரதத்துல போய்ப் பிடிச்சுக்கற சாயம். தேய்ச்சாலும் போகாது, சுரண்டினாலும் போகாது. அம்மா பத்து விரலும் சிவப்பா, வெள்ளைப் புடவையில கையை மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வந்தவங்கள்ல ஒருத்தர் ரகசியமா, "அது பாட்டுக்கு வளர்ந்து போயிடும், விடு"ன்னாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க.

விரல் நகம் மாசத்துக்குச் சுமார் மூணு மில்லிமீட்டர் வளரும். இதை நான் அப்போ படிச்சுத் தெரிஞ்சுக்கலை, போகும்போதெல்லாம் அம்மா கையைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். புரட்டாசியில அடியில வெள்ளையா ஒரு கோடு. தீபாவளிக்குப் பாதி நகம். 2020 பொங்கலுக்குப் போனேன். அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது, சும்மா அம்மாகூட இருக்கத்தான் போனேன். கட்டைவிரல் நுனியில மட்டும் பிறை மாதிரி கொஞ்சம் சிவப்பு மிச்சம். அம்மா திண்ணையில உக்காந்து நகவெட்டியால அதை வெட்டி ஒரு பேப்பர்ல மடிச்சாங்க. எங்கே கொண்டு போய்ப் போட்டாங்கன்னு நான் கேக்கலை.

பொட்டுக்காக நான் அம்மாகூட சண்டை போட்டிருக்கேன். காலம் மாறிடுச்சு, அது இதுன்னு லெக்சர் கொடுத்திருக்கேன். ஒருவழியா டெல்லிக்கு வரும்போது மட்டும் கடுகு சைஸுல ஒரு கருப்பு ஸ்டிக்கர். திரும்பிப் போகும்போது திருச்சி வர்றதுக்கு முன்னாடியே அதை எடுத்து ரயில் ஜன்னல் ஓரத்துல ஒட்டிடுவாங்க. ஆனா கையைப் பத்தி, விரலைப் பத்தி நான் ஒரு தடவை கூடப் பேசினதில்லை. தோணவே இல்லை.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. மறுநாள் கர்வா சௌத். வடக்கே இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். புருஷன் ஆயுசுக்காகப் பெண்டாட்டி பகல் பூரா தண்ணி கூடக் குடிக்காம இருந்து, ராத்திரி நிலாவைப் பாத்து முடிக்கற விரதம். அதுக்கு முதல் நாள் சாயங்காலம் எங்க செக்டர் மார்க்கெட்டைப் பாக்கணும். நடைபாதை பூரா பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு மெஹந்தி பசங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. எதிர்ல கையை நீட்டிக்கிட்டுப் பொம்பளைங்க. பாதிப் பேர் கூட வந்த வீட்டுக்காரர் பர்ஸைப் பிடிச்சுக்கிட்டு, குழந்தையைப் பிடிச்சுக்கிட்டு, போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிப்பார்.

நான் விரதமெல்லாம் இருக்கறதில்லை. (ரங்கமணி ஆயுசு கெட்டிதான், என் சாம்பாரையே தாங்கிட்டாரே.) கொத்தமல்லி வாங்கத்தான் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரு ஸ்டூல் காலியா இருந்துச்சு. அந்தப் பையன், இருபது வயசு கூட இருக்காது, அம்மாவைப் பாத்து, "ஆயியே மாதாஜி, ஹாத் திகாயியே"ன்னான்.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனா புரிஞ்சுடுச்சு. ரெண்டு கையையும் சட்டுன்னு முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. ஏதோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி. எழுபத்தோரு வயசு.

அவன் மேல ஒரு தப்பும் இல்லை. வயசானவங்களைக் கூப்பிட்டான், அவ்வளவுதான். நாங்க கொத்தமல்லி வாங்காமலே திரும்பிட்டோம். வழி பூரா அந்த ஏழிலைப்பாலை வாசனை. ரெண்டு பேரும் எதுவும் பேசலை.

ராத்திரி தயிர்சாதம். பாட்டில்ல கடைசி மாவடுவை எடுத்து என் தட்டுல போட்டுட்டு அம்மா கேட்டாங்க:

"அந்த க்யூட்டெக்ஸ் மிச்சம் இருக்கா?"

"இருக்கே. யாருக்கு?"

"எனக்குத்தான்."

நான் சாப்பிடறதை நிறுத்திட்டேன். பொண்ணு போன்லேருந்து தலையைத் தூக்கினா.

"சிவப்புதானேடி கூடாது? குங்குமம் கூடாது, மருதாணி கூடாது. மாவடு கலர் கூடாதுன்னு எவ சொல்லியிருக்கா? எங்க மாமியாருக்கு அப்படி ஒரு கலர் விரலுக்கு உண்டுங்கறதே தெரியாது. தெரியாததுக்கு எப்படித் தடை போட்டிருப்பாங்க?"

எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும். இல்லை, கோபம்தான் வந்துச்சு. எழுந்து போய் என் டப்பாவுலேருந்து ஒரு சிவப்பு பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்தேன். "வெக்கிறதுன்னா இதை வெச்சுக்கோ. எதுக்குச் சந்து வழியா போகணும்? உனக்குப் பிடிச்சது சிவப்பு. எவ என்ன கேக்கப் போறா, நான் பாத்துக்கறேன்."

அம்மா அந்த பாட்டிலை ஒரு விரலால தள்ளினாங்க.

"நீ சண்டை போடறதுக்கு என் நகம்தான் கிடைச்சுதா?"

அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கலை.

பொண்ணுதான் வெச்சு விட்டா. பாட்டி கையைத் தன் மடியில ஒரு தலையணை போட்டு வெச்சுக்கிட்டு, மூணு மூணு இழுப்பா. வயசானா நகத்துல நெட்டுக்குக் கோடு கோடா வரும், அம்மாவுக்கும் இருக்கு. ரெண்டாவது கோட்டுல அது மறைஞ்சுடுச்சு. இடது கை நடுவிரல்ல அரிவாள்மணை வெட்டின தழும்பு. அதுக்குப் பக்கத்துல பளபளன்னு மாவடு கலர். அம்மா ஊதிக்கிட்டே இருந்தாங்க. ஊதக்கூடாது பாட்டி, தானா காயணும்னு அவ சொன்னாலும் கேக்கலை.

ரங்கமணி வந்து பாத்தார். ராணுவ லாரி ஜோக்கை மறுபடி சொல்லிடுவாரோன்னு முறைச்சேன். அவர் பாட்டிலை வாங்கிப் பாத்துட்டு, "அத்தை, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நம்ம ஊரு லக்மே கம்பெனி இருக்கே, 1952-ல டாட்டா ஆரம்பிச்சது, அந்தப் பேரு என்னன்னு நினைக்கறீங்க? லட்சுமிங்கறதைத்தான் பிரெஞ்சுக்காரன் லக்மேன்னு சொல்லியிருக்கான். ஒரு ஆபராவோட பேரு"ன்னார்.

"லட்சுமியா?"ன்னு அம்மா விரலைப் பாத்துக்கிட்டே கேட்டாங்க. "அப்போ தப்பே இல்லை மாப்பிள்ளை." (இந்த பாட்டில் லக்மே இல்லைங்கறதை நாங்க யாரும் சொல்லலை.)

செவ்வாய்க்கிழமை கண் ஆபரேஷன். காலையில ஏழு மணிக்கே போயாச்சு. கவுனை மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, நர்ஸ் வந்து கையைப் பிடிச்சதும்தான் எனக்கு உறைச்சது. கொடுத்திருந்த பேப்பர்ல தெளிவாப் போட்டிருந்தான், நகப்பூச்சு இருக்கக்கூடாதுன்னு. நான்தான் மறந்து தொலைச்சேன். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்க விரல்ல ஒரு க்ளிப் மாட்டறாங்க இல்லே? அது நகத்து வழியா ஒளியைச் செலுத்தி அளக்கற கருவி. பச்சை, நீலம், கருப்பு மாதிரி அடர்நிறம் இருந்தா கணக்கு கொஞ்சம் தப்பலாம்.

நர்ஸ் பஞ்சும் அசிட்டோனும் எடுத்தாங்க. அம்மா கையை நீட்டிட்டாங்க, ரெண்டையும். எதுவும் சொல்லலை. முகம் மட்டும் ஒரு மாதிரி ஆச்சு. அந்த முகத்தை நான் 2019-ல பாத்திருக்கேன். பத்தாம் நாள்.

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. "சிஸ்டர், எல்லாமேவா?"ன்னேன், இந்தியில ஆரம்பிச்சுத் தமிழ்ல முடிச்சு.

அவங்க நிமிர்ந்து பாத்தாங்க. மலையாளம். டெல்லியில நர்ஸ்னா வேற யாரு? அம்மா முகத்தையும் பாத்தாங்க, விரலையும் பாத்தாங்க.

"ஒரு விரல் மதி, அம்மே. எந்த விரல் தரும்?"

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியலை. புரிஞ்சதும் ஒம்பது விரலை மடக்கிக்கிட்டு, இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினாங்க. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட நீட்டற மாதிரி. அந்த ஒண்ணைத் துடைச்சு க்ளிப்பை மாட்டினாங்க. தொண்ணூத்தெட்டு காட்டுச்சு. அரை மணி நேரத்துல ஆபரேஷன் முடிஞ்சு அம்மா வெளியில வந்தாச்சு.

ரெண்டு நாள் கழிச்சுப் பெரியம்மா வீடியோ கால்ல. கருப்புக் கண்ணாடி போட்ட தங்கச்சியைப் பாத்து நலம் விசாரிச்சு முடிச்சதும், "கையில என்னடி பாசி?"ன்னாங்க. பெரியம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"மாவடு கலர் க்யூட்டெக்ஸ்க்கா. பேத்தி வெச்சு விட்டா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சிவப்பு வெச்சுக்கலையே, அது வரைக்கும் சரி"ன்னாங்க.

எனக்குச் சுர்ருன்னுச்சு. அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நான் சொன்னேன் பாத்தியாங்கற மாதிரி. அவங்க கணக்குப்படி அவங்க ஜெயிச்சாச்சு. என் கணக்குப்படி அந்த வேலி அப்படியேதான் இருக்கு, அம்மா அதுல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு அந்தப் பக்கம் போய் நிக்கறாங்க. யார் கணக்கு சரின்னு நான் இன்னமும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு. நான் அஞ்சு வருஷமா அந்த வேலியோட சண்டை போட்டு அம்மா விரலுக்கு ஒரு சொட்டு கலர் கூட வந்து சேரலை. அம்மா அதை ஒரே ராத்திரியில, தயிர்சாதம் சாப்பிடற நேரத்துல முடிச்சுட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் ஹாலுக்கு வந்தா, கருப்புக் கண்ணாடியோட அம்மா தரையில உக்காந்து அந்த ஆள்காட்டி விரலுக்குத் தானே வெச்சுக்கிட்டு இருந்தாங்க. பாதி நகத்துல, பாதி தோல்ல. கண்ணு ஆபரேஷன் ஆகி ரெண்டே நாள், குனியக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். திட்டிட்டு, தோல்ல இருந்ததைப் பஞ்சால துடைச்சு விட்டேன்.

நவம்பர்ல டெல்லிக் காத்து வழக்கம் போலக் கெட்டுச்சு. 18-ஆம் தேதி காத்துத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டிடுச்சு, எதிர் வீட்டு மாடி தெரியலை. ஒரு மாசச் செக்கப் முடிஞ்ச கையோட அம்மாவை ரயிலேத்தினோம். பெட்டி கட்டும்போது ரிமூவர் கேப்பாங்கன்னு எடுத்து வெச்சிருந்தேன். ஸ்டிக்கர் பொட்டு மாதிரி இதையும் திருச்சிக்கு முன்னாடி எடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். கேக்கலை. நானும் கொடுக்கலை. பொண்ணோட பாட்டிலைக் காணோம்னு மறுநாள்தான் தெரிஞ்சுது.

பொங்கலன்னிக்கு போன் பண்ணேன். கரும்பு என்ன விலை, பால் எப்போ பொங்குச்சு, எல்லாம் பேசி முடிச்சு வைக்கப் போகும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. பக்கத்துல யாரோ இருந்தாங்க போல.

"ஏண்டி, அது பாட்டிலுக்குள்ள கெட்டியாப் போச்சு. பிரஷ்ஷே வர மாட்டேங்குது. ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடவா?"

மாவடுவுக்குத்தாம்மா விளக்கெண்ணெய், இதுக்கு இல்லைன்னேன். உங்களுக்கும் சொல்லிக்கறேன், ரிமூவரையும் ஊத்தாதீங்க, அது பூச்சோட பிடிமானத்தையே கெடுத்துடும். இதுக்குன்னே தின்னர் விக்குது, அது ரெண்டு சொட்டு போதும்.

தின்னரெல்லாம் வேண்டாம்னு புதுசா ஒரு பாட்டிலே அனுப்பிட்டேன். அதே கலர். சிவப்பு அனுப்பலை. ஆசை இருந்துச்சு, அனுப்பலை.

மாசியில மாவடு சீசன் ஆரம்பம். இந்தத் தடவை ரெண்டு பாட்டில் வேணும்னு சொல்லி வெச்சிருக்கேன்.